வெள்ளம் வடிந்தபின் குழந்தைகளின் மனநலம்: குழந்தைநல மருத்துவர்களுக்கான கைப்பேசிவழிக் கையேடு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது தென்னைகளோடு மின்கம்பங்களும் கைப்பேசிக் கோபுரங்களும் சாய்ந்தன. உள்கிராமங்கள் பலவற்றுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கியபோது காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. பேரிடர்க் காலத்தில் குழந்தைகளின் மனநலத்துக்கு உதவும் மின்னணுக் கருவிகளைப் பற்றிச் சிந்திப்பவர் இவ்விரண்டையும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இணையம் இருந்தால்தான் இயங்கும் கருவி, மிகவும் தேவைப்படும் நாளில் பயன்படாமற் போகும்.

இக்கையேடு தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களிலும் ஆற்றுப்படுகைகளிலும் பணிபுரியும் குழந்தைநல மருத்துவர்களுக்காக எழுதப்பட்டது. அரசு மருத்துவமனையில் ஓ.பி. பார்ப்பவருக்கும் சிறிய தனியார் கிளினிக் நடத்துபவருக்கும் ஒரேபோல் பொருந்தும். மனநல மருத்துவரிடம் குழந்தையை அழைத்துச் செல்லத் தயங்கும் பெற்றோர், தடுப்பூசிக் காலத்திலிருந்தே தெரிந்த குழந்தை மருத்துவரிடம் தயங்காமல் வருவார்கள். ஆனால் மனம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள். வயிற்றுவலி, தலைவலி, சாப்பிட மறுப்பது, மீண்டும் படுக்கையை நனைப்பது, இரவில் அலறி எழுவது ஆகியவையே அவர்கள் கொண்டுவரும் புகார்கள். குழந்தைகளுக்கெனப் பயிற்சி பெற்ற மனநல வல்லுநர்கள் பெருநகரங்களுக்கு வெளியே மிகக் குறைவு. ஆகவே முதலில் கவனிக்கும் பொறுப்பு, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், குழந்தை மருத்துவரின் மேசைக்கே வந்து சேர்கிறது.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மனநிலையை மதிப்பெண்ணால் அளக்கும் கேள்வித்தாளில் அதிக மதிப்பெண் பெறும் குழந்தையை அடுத்து யார், எங்கே, எத்தனை நாளுக்குள் பார்ப்பார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாத இடத்தில் கேள்வித்தாளைக் கையிலெடுக்கவே வேண்டாம். துன்பத்தைச் சொல்லவைத்துவிட்டுப் பதிலின்றி அனுப்புவது குழந்தைக்கும் பெற்றோருக்கும் செய்யும் தீங்கு. கீழே வரும் ஒவ்வொரு கருவியையும் இந்த அளவுகோலைக் கொண்டே மதிப்பிட்டிருக்கிறேன்.

மழைக்காலத்துக்கு முன் செய்ய வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் செய்து முடித்த ஏற்பாடு மட்டுமே டிசம்பரில் உதவும்.

முதல் வேலை தொலைபேசி எண்களைத் திரட்டுவது. மத்திய அரசின் டெலி மானஸ் என்னும் தொலைபேசிவழி மனநல உதவிச் சேவை 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் இரவு பகலாக இயங்குகிறது. தமிழ்நாட்டில் அது ‘நட்புடன் உங்களோடு’ மனநல சேவையோடு இணைந்து நடைபெறுகிறது. முதலில் ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல வல்லுநருக்கோ மாவட்ட மனநலத் திட்டக் குழுவுக்கோ தொடர்பு மாற்றப்படும். குழந்தைகள் உதவி எண் 1098. பெற்றோரைப் பிரிந்த குழந்தை, யாரென்று தெரியாத ஒருவர் அழைத்துச் செல்ல முயலும் குழந்தை, அடிக்கப்படும் குழந்தை என எல்லாவற்றுக்கும் முதல் அழைப்பு அங்கேதான். இவற்றோடு உங்கள் மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பள்ளிச் சிறார்களைப் பரிசோதிக்கும் அரசு மருத்துவக் குழு, அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறை ஆகியோரின் எண்களையும் ஒவ்வொன்றாக அழைத்துச் சரிபார்த்துச் சேமியுங்கள். பட்டியலை ஒரு தாளில் அச்சிட்டு பிளாஸ்டிக் உறையிட்டு மேசைக் கண்ணாடியின் கீழ் வைப்பதும் அவசியம். கைப்பேசி நனைந்துபோகும் நாளும் வரும். (இலங்கையில் இதே பணியைச் செய்பவர்களுக்கு 1926 தேசிய மனநல உதவி எண்; 1929 சிறுவர் உதவி எண்.)

இரண்டாவது, இணையமின்றி இயங்கும் பதிவேடு. பலருக்கும் முதலில் தோன்றுவது கூகுள் ஃபார்ம்தான். ஆனால் அது இணையம் அறுந்தவுடன் நின்றுவிடும். பேரிடர்க் களப்பணிக்கென உருவான கோபோ டூல்பாக்ஸ், ஓ.டி.கே. கலெக்ட் ஆகிய படிவச் செயலிகள் சாதாரண ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இணையமின்றிப் படிவத்தை நிரப்பவிட்டு, சிக்னல் கிடைக்கும்போது அனுப்பிக்கொள்ளும். தமிழிலேயே கேள்விகளை அமைக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்காக ஒவ்வொரு கேள்விக்கும் ஒலிப்பதிவை இணைக்கவும் முடியும். படிவம் சுருக்கமாக இருக்கட்டும்: குழந்தைக்கு ஒரு குறியீட்டு எண், வயது, தொடர்புக்கு ஒரு எண், அந்தக் கைப்பேசி யாருடையது, நிகழ்வில் குழந்தை எதை இழந்தது, இப்போதைய முதன்மைப் புகார், அடுத்து அழைக்க வேண்டிய தேதி. இதற்கு மேல் சேர்க்கும் ஒவ்வொரு கட்டமும், வரிசையில் ஐம்பது பேர் நிற்கும் நாளில் காலியாகவே விடப்படும்.

அந்தக் கட்டங்களில் மிக முக்கியமானது கடைசிக் கட்டம். மின்னணுக் கருவிகளில் பேரிடர்க்குப் பிந்தைய காலத்தில் உண்மையில் பலன் தருவது எது என்று என்னைக் கேட்டால், எந்த நவீனச் செயலியையும் விட, இன்று யாரைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று காலையில் நினைவூட்டும் எளிய பட்டியலையே சொல்வேன். முகாமிலிருந்து உறவினர் வீட்டுக்கும், அங்கிருந்து வாடகை வீட்டுக்கும் மாறிக்கொண்டிருக்கும் குடும்பம் தானாகத் திரும்பி வருவதில்லை.

மூன்றாவது, ஆள் ஏற்பாடு. மருத்துவக் கல்லூரியிலோ தனியாகவோ பணிபுரியும் ஒரு மனநல மருத்துவரோடு இப்போதே பேசி, பேரிடர் வந்தால் எந்நேரத்தில் அழைக்கலாம், செய்தி அனுப்பினால் எத்தனை மணி நேரத்துக்குள் பதில் வரும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2004ஆம் ஆண்டு தொடங்கிய திட்டமொன்று இந்த ஏற்பாட்டை மாநிலம் முழுவதற்குமாக அமைத்துக்கொடுத்தது. குழந்தை மருத்துவர் தொலைபேசியில் கேட்கலாம், குழந்தை மனநல மருத்துவர் அன்றே ஆலோசனை சொல்வார், குழந்தையைத் தொடர்ந்து கவனிப்பவர் குழந்தை மருத்துவராகவே இருப்பார். நம்மிடம் அத்தகைய அமைப்பு இல்லையென்றாலும், நன்கு பேசி வைத்துக்கொண்ட இரண்டு தொலைபேசி எண்கள் அதன் பாதிப் பயனைத் தரும். பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் குழந்தைகளுக்கென நடத்தும் சம்வாத் திட்டத்தின் இணையவழிப் பயிற்சிகளிலும் ஓய்வான மாதங்களில் சேர்ந்துகொள்ளலாம். வெள்ளம் வந்தபின் படிக்க நேரமிருக்காது.

இன்வெர்ட்டரும் பவர் பேங்கும் எல்லோரும் அறிந்தவை. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம் கார்டுகள் வைத்திருப்பது மட்டும் பலர் மறந்துவிடும் செய்தி.

முதல் நான்கு வாரங்கள்: கேள்வித்தாள் வேண்டாம்

பேரிடருக்கு அடுத்த நாட்களில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் அஞ்சுவார்கள், தாயை விட்டு அகலமாட்டார்கள், மழைத்தூறல் கேட்டாலே எழுந்து உட்காருவார்கள். இவை நோயல்ல. பாதுகாப்பும் வழக்கமான அன்றாட ஒழுங்கும் திரும்பினால் பெரும்பாலோர் தாமாகவே தேறிவிடுவார்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று சொல்வதற்கே அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். ஆகவே முதல் வாரத்தில் முகாமுக்குச் சென்று நூறு குழந்தைகளிடம் கேள்வித்தாளை நிரப்பி வாங்குவது நேரவிரயம்; அதைப் புள்ளிவிவரமாக வெளியிடுவது அதைவிட மோசம். நடந்ததை விவரமாகச் சொல்லவைத்து ஒரே அமர்வில் மனச்சுமையை இறக்கிவிடலாம் என்ற பழைய முறையையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை.

இக்கட்டத்தில் செய்ய வேண்டியதை அந்நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டு உளவியல் முதலுதவி வழிகாட்டி மூன்று சொற்களில் அடக்குகிறது: பார், கேள், இணை. கைப்பேசி முதன்மையாக உதவுவது மூன்றாவதில்தான். பெற்றோரைக் காணாத குழந்தையை 1098 வழியாகப் பதிவு செய்வது, மருந்து தீர்ந்துபோன வலிப்பு நோய்க் குழந்தைக்கு மாற்று ஏற்பாடு செய்வது, மாற்றுத்திறனாளிக் குழந்தை எந்த முகாமில் இருக்கிறது என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டறிவது, உறங்காத தாய்க்கு 14416 எண்ணை அழைத்துக் கையில் கொடுப்பது ஆகியவை யாவும் மனநல மருத்துவமே. எண்ணைத் தாளில் எழுதித் தருவதைவிட, உங்கள் முன்னிலையிலேயே அழைத்துப் பேசவைப்பது பலமடங்கு பலன் தரும். முதல் அழைப்பின் கூச்சம் தாண்டிவிட்டால் இரண்டாவது அழைப்பை அவர்களே செய்துகொள்வார்கள்.

பெற்றோரிடம் சொல்ல வேண்டிய சில செய்திகளை உங்கள் குரலிலேயே ஒன்றரை நிமிட ஒலிப்பதிவாகச் செய்து வைத்துக்கொண்டால் வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். அறிமுகமான மருத்துவரின் குரலுக்கு, யாரோ உருவாக்கிய வண்ணப்படத்துக்கு இல்லாத மதிப்பு உண்டு. அதில் இடம்பெற வேண்டியவை: குழந்தை கேட்டால் நடந்ததை உண்மையாக, சுருக்கமாகச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம், படுக்கையை நனைத்தால் அடிக்கவோ பிறர் முன் சொல்லவோ வேண்டாம், சாப்பாடு, குளியல், உறக்கம் ஆகியவற்றுக்கு முகாமிலும் ஒரு நேரம் வையுங்கள், வெள்ளக் காட்சிகளைத் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் திரும்பத் திரும்பப் பார்க்கவிடாதீர்கள். இந்தக் கடைசிச் செய்தியைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். சிறு குழந்தைக்கு ஒரே காட்சி பத்து முறை ஓடினால் பத்து முறை வெள்ளம் வந்ததாகவே தோன்றும்.

‘பயந்துட்டான் டாக்டர், மந்திரிச்சுக் கயிறு கட்டியிருக்கோம்’ என்று சொல்லும் பாட்டியைத் திருத்த முனைய வேண்டாம். குழந்தையைத் துன்புறுத்தாத எந்தச் சடங்கும் குடும்பத்துக்கு ஆறுதல்தான். ‘கட்டினது நல்லதும்மா, அதோட நான் சொல்றதையும் செய்யுங்க’ என்று தொடர்ந்தால் அவர் உங்கள் பக்கம் இருப்பார்.

மருந்தைப் பொறுத்தவரை மூன்று எச்சரிக்கைகள் போதும். கடும் மன அழுத்தத்துக்கோ அதனால் வரும் தூக்கமின்மைக்கோ முதல் மாதத்தில் குழந்தைகளுக்கு பென்சோடயசெபைன் வகை (தூக்கமும் அமைதியும் தரும்) மருந்துகள் தரக்கூடாது. பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்கும் குழந்தையின் வாயில் காகிதப்பையை வைக்கும் பழைய பழக்கத்தைக் கைவிட வேண்டும். உடல்நோய் இல்லை என்று உறுதிப்படுத்தாமல் எந்தப் புகாரையும் மனத்தின் கணக்கில் எழுதக்கூடாது; வெள்ளத்துக்குப் பின் சோர்ந்து கிடக்கும் குழந்தைக்கு எலிக்காய்ச்சலோ டெங்குவோ இருக்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட, பேரிடர்க்கால மனநலத்துக்கான சுருக்க வழிகாட்டியைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். மனநல வல்லுநர் அல்லாத மருத்துவர்களுக்காகவே அது எழுதப்பட்டதாகையால், நடு இரவில் ஐயம் எழும்போது புரட்டிப் பார்க்க எளிது.

காணொளியில் பார்க்கும்போது

சாலை துண்டிக்கப்பட்ட கிராமத்துக் குழந்தையைக் காணொளியில் பார்க்க நேர்ந்தால், 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள் உங்களைக் கட்டுப்படுத்தும். சிறாரைத் தொலைவிலிருந்து பார்க்க வேண்டுமானால் உடன் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். அவர் யாரென்பதை நீங்கள் உறுதி செய்துகொண்டு பதிவும் செய்ய வேண்டும். இது சரியான விதி. அதே வேளையில், பதின்வயதுப் பிள்ளை தன் மனத்தில் உள்ளதைத் தந்தையின் முன் சொல்லமாட்டாள் என்பதும் உண்மை. தொடக்கத்திலும் முடிவிலும் பெரியவரோடு பேசிவிட்டு, நடுவில் பத்து நிமிடம் அவரைக் கண்ணில் படும் தூரத்தில், காதில் விழாத தூரத்தில் அமரச் சொல்வது இவ்விரண்டையும் நிறைவேற்றும்.

முகாமில் தனியிடம் கிடையாது. இயர்போன் போட்டுக்கொள்ளச் சொன்னால் உங்கள் கேள்விகளாவது பிறர் காதில் விழாது. ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடியதாகக் கேள்விகளை அமைத்தால் பதிலும் வெளியே தெரியாது. அழைத்தவுடன் ‘இப்ப பக்கத்துல யார் இருக்காங்க? பேசலாமா?’ என்று கேளுங்கள். பேச இயலாத நிலை வந்தால் சொல்ல ஒரு சொல்லை முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். ‘சார்ஜ் போகுது’ என்றால் அழைப்பை முடித்துவிட்டுப் பிறகு முயல வேண்டும் என்று பொருள். அழைப்பு துண்டிக்கப்பட்டால் யார் யாரை அழைப்பது, குழந்தை அப்போது சரியாக எந்த இடத்தில் இருக்கிறது என்பவற்றை முதல் நிமிடத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆபத்தான செய்தி ஒன்றைக் கேட்ட மறுநொடி திரை இருண்டுபோனால், உதவிக்கு ஆளனுப்ப அந்த முகவரிதான் வேண்டும்.

ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் திரையின் முன் உட்காரவைத்துக் கேள்வி கேட்பதில் பயனில்லை. தரையில் பொம்மையோடு விளையாடவிட்டு, கைப்பேசியைச் சற்றுத் தள்ளி வைக்கச் சொல்லிப் பாருங்கள். விளையாட்டில் வீடு மீண்டும் மீண்டும் மூழ்குகிறதா, பொம்மையைக் காப்பாற்ற யாரேனும் வருகிறார்களா என்பது தாயின் வாய்மொழியைவிட அதிகம் சொல்லும். இணைப்பு மெதுவாக இருந்தால் காணொளியை விட்டுவிட்டுக் குரலழைப்புக்கு மாறுவதே நல்லது. உறைந்து நிற்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசுவது குழந்தைக்குக் குழப்பத்தையே தரும்.

ஒரு மாதம் கழிந்தபின்: எந்தக் கேள்வித்தாள், எப்படி

நான்கு முதல் ஆறு வாரங்களுக்குப் பின்னும் உறக்கம், படிப்பு, விளையாட்டு, நட்பு ஆகியவற்றில் ஏதேனும் குலைந்தே இருக்கும் குழந்தைகளுக்குக் கேள்வித்தாள் பயன்படும்.

பொதுவான நிலையை அறிய, ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட, எஸ்.டி.க்யூ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் கேள்வித்தாள் ஏற்றது. மொத்தம் 25 வாக்கியங்கள். மனவுணர்வு, நடத்தை, துறுதுறுப்பும் கவனமின்மையும், சக குழந்தைகளோடு உறவு, பிறருக்கு உதவும் இயல்பு என ஐந்து பிரிவுகள். பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பத் தனித்தனிப் படிவங்கள் உண்டு. 11 வயது முதல் பிள்ளைகள் தாமே நிரப்பலாம். தமிழ் வடிவமும் இருக்கிறது. முதல் நான்கு பிரிவுகளின் கூட்டுத்தொகை 0 முதல் 40 வரை அமையும்; பெற்றோர் படிவத்தில் 17 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும். இதில் பலர் அறியாத ஒரு நிபந்தனை உண்டு. அச்சிட்ட தாளில் இதை இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆனால் உரிமையாளரின் அனுமதியின்றி மின்னணுப் படிவமாக மாற்றக்கூடாது. ஆகவே கேள்விகளைக் கைப்பேசியில் தட்டச்சு செய்யாமல், தாளில் நிரப்பி வாங்கி மொத்த மதிப்பெண்ணை மட்டும் பதிவேட்டில் சேர்ப்பதே முறை.

நிகழ்வு மனத்தில் எவ்வளவு ஆழப் பதிந்திருக்கிறது என்பதைக் காண, எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு எட்டே கேள்விகள் கொண்ட கிரைஸ் 8 போதும். வேண்டாமென்றாலும் நினைவு வந்து நிற்கிறதா, நினைவூட்டும் இடங்களையும் பேச்சையும் தவிர்க்கிறார்களா என்று அது கேட்கிறது. ஒவ்வொரு விடைக்கும் 0, 1, 3, 5 என மதிப்பெண். 17ஐத் தொட்டால் வல்லுநரின் மதிப்பீடு தேவை. 11 வயதுக்கு மேல் சோர்வும் விருப்பமின்மையும் மிகுந்திருந்தால் பி.எச்.க்யூ. 9 என்னும் ஒன்பது கேள்விகளைப் பயன்படுத்தலாம். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனம் வேண்டும். அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்ற எண்ணத்தையும் தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணத்தையும் பற்றியது. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இந்த ஒரு விடை பூச்சியமாக இல்லாவிட்டால் குழந்தை அறையை விட்டு வெளியேறும் முன் நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். படிவத்தைக் கைப்பேசியில் அமைப்பவர், இந்த விடைக்குத் திரையில் எச்சரிக்கை தோன்றும்படி செய்யாமல் படிவத்தைப் பயன்பாட்டுக்கு விடக்கூடாது. மாலையில் தரவைத் திரட்டிப் பார்க்கும்போது அதைக் கண்டுபிடிப்பது காலங்கடந்த செயல்.

மதிப்பெண் நோயறிதல் ஆகாது. ‘உங்க பையனுக்கு 19 வந்திருக்கு’ என்று பெற்றோரிடம் சொல்வதைத் தவிருங்கள். அவர்கள் அதைத் தேர்வு முடிவாகவே கேட்பார்கள். ‘தூக்கத்துலயும் ஸ்கூல்லயும் இன்னும் சிரமப்படுறான்னு தெரியுது, இன்னொரு டாக்டர்கிட்ட பேசிட்டு என்ன செய்யலாம்னு சொல்றேன்’ என்பதே போதும். மதிப்பெண் குறைவாக வந்தும் உங்கள் மனம் ஏற்கவில்லையென்றால் உங்கள் கணிப்பையே நம்புங்கள். வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது தான் அழக்கூடாது என்று முடிவெடுத்த மூத்த பெண்பிள்ளை எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்றே குறிப்பாள்.

உயிர் பற்றிய கேள்வி

சாக வேண்டும் என்ற எண்ணத்தைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற அச்சம் மருத்துவர்களிடையே இன்னும் இருக்கிறது. ஆய்வுகள் அதை ஏற்கவில்லை; கேட்பது பிள்ளைக்கு ஆறுதலாகவே அமைகிறது. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம் உருவாக்கிய ஏ.எஸ்.க்யூ. என்னும் கருவியில் நான்கு கேள்விகள்தான். ஏதேனும் ஒன்றுக்கு ஆம் என்றால் ‘இப்போது, இந்த நேரத்தில் அந்த எண்ணம் இருக்கிறதா’ என்ற ஐந்தாவது கேள்வி. கேட்டு முடிக்க அரை நிமிடம்கூட ஆகாது. நேரடியான, பேச்சுத் தமிழில் கேளுங்கள்: ‘சில பேருக்கு இந்த மாதிரி நேரத்துல செத்துப் போயிடலாம்னு தோணும். உனக்கு அப்படித் தோணியிருக்கா?’ இதைத் திரையில் தட்டச்சு செய்யச் சொல்வதைவிட வாயால் கேட்பதே மேல் என்பது என் கருத்து.

ஆம் என்ற பதில் வந்தால் பிள்ளையைத் தனியே விடக்கூடாது. அங்கிருந்தபடியே மனநல மருத்துவரை அழையுங்கள், கிடைக்காவிட்டால் 14416, இப்போதே அந்த எண்ணம் இருக்கிறதென்றால் மருத்துவமனையில் சேர்ப்பதே வழி. வீட்டில் பூச்சிமருந்து, எலி பேஸ்ட், தாத்தாவின் மாத்திரைகள் ஆகியவற்றைப் பூட்டி வைக்கவோ வேறிடத்துக்கு அனுப்பவோ பெற்றோரிடம் சொல்லி, மறுநாள் அழைத்து அதைச் செய்தார்களா என்று கேட்க வேண்டும். உழவர் குடும்பங்களில் மூட்டை முடிச்சுகளோடு பூச்சிமருந்தும் முகாமுக்கே வந்துவிடுவதுண்டு. அந்த மறுநாள் அழைப்பும், அடுத்த ஏழு நாட்களின் அழைப்புகளும் உங்கள் பட்டியலில் சிவப்பு நிறத்தில் இருக்கட்டும்.

வல்லுநருக்கு அனுப்பும் குறிப்பு

வாட்ஸ்அப்பில் ‘ஒரு கேஸ் பாருங்க சார்’ என்று அனுப்பினால் பதில் தாமதமாகவே வரும். நிகழ்வு, இழப்பு, எத்தனை வாரம், எதைச் செய்ய முடியவில்லை, உயிராபத்து உண்டா, நீங்கள் இதுவரை செய்தது, உங்கள் கேள்வி என்ற வரிசையில் ஐந்தாறு வரிகள் எழுதினால் அவர் இரண்டு நிமிடத்தில் முடிவு சொல்வார். கற்பனையாக ஒன்று: ‘9 வயதுச் சிறுமி. வெள்ளத்தில் வீடு இடிந்தது, பாட்டி இறந்தார். ஆறு வாரமாக இரவில் அலறி எழுகிறாள். பள்ளிக்குச் செல்ல மறுக்கிறாள். மேகம் கறுத்தால் நடுங்குகிறாள். கிரைஸ் 8 மதிப்பெண் 26. சாகும் எண்ணம் இல்லை. உடல் பரிசோதனை இயல்பு. உறங்கும் ஒழுங்கும், படிப்படியாகப் பள்ளி வாசல்வரை செல்வதும் இரண்டு வாரமாக முயன்றோம், பயனில்லை. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட நடத்தைச் சிகிச்சை எங்கே கிடைக்கும்? அதுவரை நான் செய்யக்கூடியது என்ன?’ பெயரும் ஊரும் இல்லாமலேயே இக்குறிப்பு முழுமையாக இருப்பதைக் கவனியுங்கள்.

தரவும் சட்டமும்

பேரிடர்க் காலத்தில் இருபது பேர் கொண்ட வாட்ஸ்அப் குழுக்கள் நாளொன்றுக்கு மூன்று முளைக்கும். அவற்றில் குழந்தையின் பெயர், படம், முகாமின் பெயர் மூன்றும் சேர்ந்து ஒருபோதும் இடம்பெறக்கூடாது. பெற்றோரை இழந்த குழந்தையின் படம் குழுவிலிருந்து குழுவுக்குப் பரவுவது, அக்குழந்தையைத் தேடி யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அழைப்பு விடுப்பதற்கு ஒப்பாகும். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தைகளாகக் கருதி அவர்களின் தரவுக்குக் கூடுதல் பாதுகாப்பைக் கோருகிறது. மருத்துவச் சேவைக்குச் சில விலக்குகள் இருந்தாலும், பெற்றோரிடம் ‘இதை ஏன் எழுதிக்கொள்கிறேன், யார் பார்ப்பார்கள்’ என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லி ஒப்புதல் பெற்று, அதைப் படிவத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசிக்கும் படிவச் செயலிக்கும் தனித்தனிக் கடவுச்சொல் வையுங்கள்.

நெரிசல் மிகுந்த முகாம்களில் பாலியல் தொல்லை நிகழும் வாய்ப்பு அதிகம். குழந்தை அதைச் சொன்னாலோ உங்களுக்கே தெரியவந்தாலோ, 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிப்பது உங்கள் கடமை; இரகசியம் காப்பது இதற்கு விலக்காகாது. ஆகவே பதின்வயதினரிடம் தனியாகப் பேசத் தொடங்கும்போதே, ‘நீ சொல்றதை யார்கிட்டயும் சொல்லமாட்டேன், ஆனா உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னா மட்டும் உதவிக்கு ஆளைக் கூப்பிடுவேன்’ என்று சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் அது நம்பிக்கைத் துரோகமாகத் தெரியும்.

குழந்தைகள் தாமாகவே தரவிறக்கும் செயலிகளையும் உரையாடும் செயற்கை அறிவு மென்பொருள்களையும் பற்றி ஒரு சொல். தூக்கம் வராத பதின்வயதினர் இரவில் அவற்றோடு பேசத் தொடங்கிவிட்டார்கள். எனவே ‘போன்ல யார்கிட்ட பேசுவ?’ என்று கேட்கும்போது அதையும் சேர்த்தே கேளுங்கள். கண்டிக்க வேண்டியதில்லை. ஆனால் மனிதர் ஒருவர் பொறுப்பேற்றுத் திரும்ப அழைக்காத எந்த மென்பொருளையும் நீங்களாகப் பரிந்துரைக்க வேண்டாம்.

ஆறு மாதமும் அடுத்த மழையும்

நிவாரணக் குழுக்கள் மூன்றாம் மாதத்தில் கிளம்பிவிடும். கடன், வேலையிழப்பு, தந்தையின் குடி, பெண்பிள்ளையின் படிப்பை நிறுத்தும் பேச்சு ஆகியவை அப்போதுதான் தொடங்கும். ஆகவே பதிவேட்டில் உள்ள குழந்தைகளுக்கு ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என அழைப்பு நாட்களை முதல் சந்திப்பிலேயே குறித்துவிட வேண்டும். அழைப்பைச் செவிலியரே செய்யலாம். மூன்று கேள்விகள் போதும்: தூங்குகிறதா, பள்ளிக்குச் செல்கிறதா, விளையாடுகிறதா. மூன்றில் ஒன்றுக்கு இல்லை என்றால் மருத்துவர் பேச வேண்டும். பலருக்கு இன்னும் பட்டன் போன்தான். அது பெரும்பாலும் தந்தையின் சட்டைப்பையில் இருக்கும். குறுஞ்செய்தி அனுப்பினால் ‘மறுபரிசோதனைக்கு வரவும்’ என்பதற்கு மேல் அதில் எதுவும் இருக்கக்கூடாது.

அடுத்த அக்டோபரில் முதல் இடி இடிக்கும்போது, தேறிவிட்ட குழந்தைகளிலும் சிலருக்குப் பழைய அறிகுறிகள் திரும்பும். செப்டம்பர் இறுதியில் அவர்களின் பெற்றோரை ஒருமுறை அழைத்து, இது வரக்கூடும், வந்தால் சில நாட்களில் தணியும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அழைத்து வாருங்கள் என்று சொல்லுங்கள். பள்ளித் தலைமையாசிரியரிடமும் இதையே சொல்லி, மழைநாளில் வகுப்பிலிருந்து எழுந்து ஓடும் பிள்ளையைத் தண்டிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓராண்டு முடிந்ததும் பதிவேட்டைத் திறந்து, தொடர் சிகிச்சையில் உள்ளவர்களின் விவரத்தை அவர்களின் வழக்கமான மருத்துவக் கோப்புக்கு மாற்றி, சட்டப்படி வைத்திருக்க வேண்டிய மருத்துவப் பதிவுகளைத் தவிர மற்றவற்றைக் கைப்பேசிகளிலிருந்தும் இணையச் சேமிப்பிலிருந்தும் அழித்துவிட வேண்டும். உதவிக்கு வந்த தன்னார்வலர்களின் கைப்பேசிகளில் இருக்கும் படிவங்களையும் படங்களையும் அழிக்கச் சொல்லி உறுதி பெறுவதும் இதில் அடங்கும்.